ஜெர்மனியில் ஒரு செமஸ்டர் படித்தால் கிரெடிட் இங்கே ஏறுமா?

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் உதவும். கோவைப் பக்கம் ஒரு தன்னாட்சிப் பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு படிக்கிறீர்கள், நான்காவது செமஸ்டர் ஓடிக்கொண்டிருக்கிறது. கல்லூரிக்கு ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகத்தோடு எம்.ஓ.யு., அதாவது புரிந்துணர்வு ஒப்பந்தம், இருக்கிறது. ஐந்தாவது செமஸ்டரை அங்கே போய்ப் படிக்க உங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அங்கே வாங்குகிற கிரெடிட் இங்கே முழுசாக ஏறுமா, ஏறாவிட்டால் ஒரு வருடம் வீணாகுமா, சி.ஜி.பி.ஏ. என்ன ஆகும், பிளேஸ்மென்டுக்கு இடைஞ்சல் வருமா, பிடித்துப்போனால் அங்கேயே தொடர முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். துறையில் விசாரித்தபோது "எம்.ஓ.யு. இருக்கே, அதெல்லாம் தானா வந்துடும்" என்று சொன்னார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

எனக்குக் கவலை தருவது அந்தக் கடைசி வரிதான். தானாக எதுவும் வராது. நான் ஒரு பொறியியல் கல்லூரியின் வெளிநாட்டுத் தொடர்புப் பிரிவில் இந்த மாதிரிக் கோப்புகளைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கிரெடிட்டை இழந்துவிட்டு நிற்கிற பிள்ளைகளில் பெரும்பாலோர் அங்கே ஒழுங்காகப் படித்துத் தேறியவர்கள்தான். கிளம்புவதற்கு முன்னால் இங்கே வாங்க வேண்டிய கையெழுத்தை வாங்காமல் போயிருப்பார்கள், அவ்வளவுதான். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். ஜெர்மன் பல்கலைக்கழகம் உங்களுக்கு கிரெடிட்டை மாற்றித் தராது. நீங்கள் என்ன படித்தீர்கள், எத்தனை கிரெடிட், என்ன கிரேடு என்று ஒரு டிரான்ஸ்கிரிப்ட் கொடுக்கும், அதோடு அவர்கள் வேலை முடிந்தது. அதைப் பார்த்து "சரி, இது எங்கள் பாடத்துக்குச் சமம்" என்று ஏற்றுக்கொள்வதா வேண்டாமா என்பதை முடிவு செய்வது உங்கள் கல்லூரி. துறைத்தலைவர் பரிந்துரைக்க வேண்டும், போர்டு ஆஃப் ஸ்டடீஸ் அல்லது அகாடமிக் கவுன்சில் ஒப்புக்கொள்ள வேண்டும், கடைசியில் சி.ஓ.இ. (தேர்வுக் கட்டுப்பாட்டு அதிகாரி) அலுவலகம் உங்கள் மார்க் ஷீட்டில் ஏற்ற வேண்டும். இதில் எந்த இடத்தில் "இது எங்களுக்குத் தெரியாதே" என்று ஒருவர் சொன்னாலும் கோப்பு அங்கேயே நின்றுவிடும். தன்னாட்சிக் கல்லூரி என்பதால் உங்களுக்கு ஒரு வசதி, பெரும்பாலான முடிவுகள் கல்லூரிக்குள்ளேயே முடியும். தன்னாட்சி இல்லாத இணைப்புக் கல்லூரி மாணவர் என்றால் பல்கலைக்கழகம் வரை போக வேண்டும், அதற்கு இன்னும் பல மாதம் முன்னாலேயே ஆரம்பிக்க வேண்டும். மாணவர்களின் கிரெடிட்டைச் சேர்த்து வைக்கிற தேசிய கிரெடிட் வங்கியான ஏ.பி.சி.யின் ஐ.டி.யில் ஏறிவிடாதா என்று சிலர் கேட்பார்கள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் நேரடியாக அதில் எதையும் போடாது, உங்கள் கல்லூரி ஏற்றுக்கொண்டு பதிவேற்றினால்தான் அதிலும் வரும். சுற்றிச் சுற்றி உங்கள் கல்லூரிக்குத்தான் வந்து சேர்கிறது.

அந்த எம்.ஓ.யு.வின் பிரதி ஒன்றைக் கேட்டு வாங்கிப் படியுங்கள், கொடுப்பார்கள். நான் பார்த்தவரை பெரும்பாலான ஒப்பந்தங்களில் மாணவர் பரிமாற்றம் உண்டு, அங்கே டியூஷன் ஃபீஸ் கட்ட வேண்டாம், இங்கே கட்டினால் போதும் என்கிற அளவுக்குத்தான் இருக்கும். எந்தப் பேப்பருக்கு எந்தப் பேப்பர் சமம் என்று ஒரு வரிகூட இருக்காது. அது ஐரோப்பிய ஒன்றியத்தின் மாணவர் பரிமாற்றத் திட்டமான ஈராஸ்மஸ் பிளஸ் கீழ் வருகிற ஒப்பந்தமாக இருந்தால் உங்கள் கை வலுவானது. அந்தத் திட்டத்தில் சேர்கிற கல்லூரிகள், மாணவர் ஒப்புக்கொண்டபடி படித்துத் தேறிய கிரெடிட்டை முழுமையாக ஏற்க வேண்டும் என்கிற கொள்கைக்கு ஒப்புக்கொண்டுதான் கையெழுத்துப் போடுகின்றன. அதை எடுத்துக் காட்டிக் கேட்கலாம். 'ட்வின்னிங்', 'ஜாயின்ட் டிகிரி', 'டூயல் டிகிரி' என்று போட்டிருந்தால் அது வேறு வகை, அதற்கு யு.ஜி.சி.யின் 2022 விதிமுறைகள் இருக்கின்றன. ட்வின்னிங் என்றால் வெளிநாட்டில் எடுக்கும் கிரெடிட் மொத்தத்தில் 30 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்களுடையது சாதாரண ஒரு செமஸ்டர் பரிமாற்றம். எட்டு செமஸ்டரில் ஒன்று, எந்த வரம்பும் இடிக்காது.

இப்போது முக்கியமான காகிதத்துக்கு வருகிறேன். அதன் பெயர் லேர்னிங் அக்ரிமென்ட். அங்கே எந்தெந்தப் பாடம் எடுக்கப்போகிறீர்கள் என்று ஒரு அட்டவணை, அதற்குப் பதிலாக இங்கே எந்தெந்தப் பாடத்திலிருந்து உங்களுக்கு விலக்கு என்று இன்னொரு அட்டவணை, கீழே மூன்று கையெழுத்து: உங்களுடையது, உங்கள் கல்லூரியுடையது, அந்தப் பல்கலைக்கழகத்துடையது. ஈராஸ்மஸில் இல்லாத ஒப்பந்தமாக இருந்தாலும் இதே வடிவத்தில் ஒன்று தயார் செய்யச் சொல்லுங்கள், யாரும் மறுக்க மாட்டார்கள். ஒரு எச்சரிக்கை: கல்லூரி சார்பில் எக்ஸ்சேஞ்ச் கோஆர்டினேட்டர் மட்டும் கையெழுத்துப் போட்டால் போதாது. அவர் நல்லவராகவே இருப்பார், ஆனால் நீங்கள் திரும்பி வரும்போது அவர் அந்தப் பொறுப்பில் இல்லாமல் போகலாம். துறைத்தலைவரும் சி.ஓ.இ.யும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்ட ஒரு சமநிலைப் பட்டியல், அதாவது அங்கே எந்தப் பாடம் இங்கே எதற்குச் சமம் என்கிற பட்டியல், உங்கள் கையில் இருக்க வேண்டும், அதில் தேதியும் கோப்பு எண்ணும் இருந்தால் இன்னும் நல்லது.

அந்தப் பட்டியலில் முதலில் சண்டை வரப்போவது கிரெடிட் கணக்கில்தான். இதை நீங்கள் துறையில் உட்கார்ந்து விளக்க வேண்டியிருக்கும், அதனால் நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள். ஐரோப்பாவில் புழங்குவது இ.சி.டி.எஸ். என்கிற முறை. 1989-இல் ஈராஸ்மஸ் மாணவர்களுக்காகத் தொடங்கியது, 1999 போலோன்யா அறிவிப்புக்குப் பிறகு ஐரோப்பா முழுக்கப் பொதுவானது. ஒரு வருட முழுநேரப் படிப்புக்கு 60, ஒரு செமஸ்டருக்கு 30. ஒரு கிரெடிட் என்றால் வகுப்பு, வீட்டில் படிப்பது, தேர்வுக்குத் தயாராவது எல்லாம் சேர்த்து 25 முதல் 30 மணி நேர உழைப்பு, ஜெர்மனியில் பொதுவாக 30 என்று கணக்கு. நம் ஊரில் வேறு மாதிரி: வாரம் ஒரு மணி நேர வகுப்பு ஒரு செமஸ்டர் முழுக்க நடந்தால் ஒரு கிரெடிட், லேப் என்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று. வீட்டில் படிப்பது கணக்கில் வராது. ஏ.ஐ.சி.டி.இ. மாதிரிப் பாடத்திட்டம் பி.இ.க்கு 160 கிரெடிட் என்று வைத்தது, உங்கள் கல்லூரியிலும் அதை ஒட்டித்தான் இருக்கும், ஆக செமஸ்டருக்குச் சராசரி 20.

சரி, அங்கே 6 இ.சி.டி.எஸ். பாடம் ஒன்று எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். வாரம் நான்கு பீரியட், அவர்கள் பீரியட் 45 நிமிடம், அதாவது வாரத்துக்கு மூன்று மணி நேரம், பதினைந்து வாரத்துக்கு 45 மணி நேரம் வகுப்பு. மீதி 135 மணி நேரம் நீங்களாகப் படிப்பது, மொத்தம் 180. இதை நம் கிரெடிட்டாக மாற்றினால் எத்தனை? வகுப்பு நேரத்தை மட்டும் பார்க்கிறவர் 3 என்பார். மொத்த உழைப்பைப் பார்க்கிறவர், 2023-இல் வந்த தேசிய கிரெடிட் கட்டமைப்பில் வருடத்துக்கு 1200 மணி நேரம், 40 கிரெடிட், அதாவது கிரெடிட்டுக்கு 30 மணி நேரம் என்று இருப்பதைக் காட்டி 6 என்பார். ஒரு செமஸ்டரில் இது எத்தனை பங்கு என்று பார்க்கிறவர், அங்கே 30, இங்கே 20, ஆக ஒன்றரைக்கு ஒன்று, 4 என்பார். ஒரே பாடத்துக்கு மூன்று விடை, மூன்றுக்கும் காரணம் இருக்கிறது.

நீங்கள் கேட்க வேண்டியது மூன்றாவதை. அங்கே ஒரு முழு செமஸ்டர் படித்தவர் இங்கே ஒரு முழு செமஸ்டர் படித்தவராகவே கருதப்பட வேண்டும் என்பதுதான் பரிமாற்றத்தின் அடிப்படை நியாயம், அதற்குப் பொருந்துவது இந்தக் கணக்கு மட்டுமே. 6 கேட்டால் யாரும் தர மாட்டார்கள், கேட்கவும் வேண்டாம். ஆனால் 3 என்று ஒப்புக்கொண்டு வந்துவிட்டால் ஐந்து பாடம், 30 இ.சி.டி.எஸ். தேறி வந்த பிறகும் இங்கே 15 கிரெடிட்தான் ஏறும், ஐந்து குறையும், அதாவது கூடுதலாக இரண்டு பேப்பர் எழுத வேண்டும். பல இடங்களில் நடப்பது இதுதான். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை, எல்.டி.பி. கணக்கில், அதாவது வகுப்பு, டுடோரியல், லேப் மணி நேரத்தை எண்ணுவதில், பழகிய பேராசிரியர் அந்த மாட்யூலின் (அங்கே ஒரு பாடத்துக்கு அப்படித்தான் பெயர்) வகுப்பு நேரத்தைப் பார்த்துவிட்டு இயல்பாக 3 என்று எழுதிவிடுகிறார். அந்த இடத்தில் எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும், அது நீங்களாகத்தான் இருக்க வேண்டும். பேச ஒரு நல்ல பிடியும் இருக்கிறது: நம் ஊரில் தியரி ஒரு பேப்பர், லேப் தனிப் பேப்பர். அங்கே பல மாட்யூல்களில் இரண்டும் ஒன்றாகவே இருக்கும். அப்படிப்பட்ட 6 கிரெடிட் மாட்யூலை இங்கே 3 கிரெடிட் தியரி, 1 கிரெடிட் லேப் என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள். கணக்கும் சரியாக வருகிறது, பேராசிரியருக்கும் மனம் ஒப்பும்.

அடுத்தது எந்தப் பாடத்துக்கு எந்தப் பாடம். இதில் தலைப்பை நம்பாதீர்கள், உள்ளே இருக்கிற சிலபஸ்தான் பேசும். அங்கே ஒவ்வொரு படிப்புக்கும் மாடூல்ஹாண்ட்பூக் என்று ஒன்று உண்டு, இணையத்திலேயே கிடைக்கும். பாடத்தின் உள்ளடக்கம், வகுப்பு நேரம், சுயபடிப்பு நேரம், தேர்வு வகை, எந்த மொழி, குளிர்கால செமஸ்டரிலா கோடை செமஸ்டரிலா என்று எல்லாம் அதில் இருக்கும். கடைசி இரண்டையும் முதலில் பாருங்கள். ஜெர்மனியில் பேச்சிலர் பாடங்கள் பெரும்பாலும் ஜெர்மன் மொழியில்தான் நடக்கின்றன, ஆங்கிலப் பாடங்களில் நிறைய மாஸ்டர்ஸ் நிலையில் இருக்கும், அவற்றைப் பரிமாற்ற மாணவருக்குத் திறந்துவிடுவார்களா என்பது இடத்துக்கு இடம் மாறும். மெயில் போட்டுக் கேளுங்கள், பதில் போடுவார்கள்.

உங்கள் ஐந்தாவது செமஸ்டரில் டிசைன் ஆஃப் மெஷின் எலிமென்ட்ஸ் மாதிரி ஒரு கோர் பேப்பர் இருக்கும் என்று நினைக்கிறேன். அதை அங்கே எடுத்து ஈடுகட்டப் பார்க்காதீர்கள். தத்துவம் ஒன்றுதான், ஆனால் இங்கே பி.எஸ்.ஜி. டிசைன் டேட்டா புக்கை வைத்துக்கொண்டு போடுகிற கணக்கு, அங்கே டி.ஐ.என். என்கிற ஜெர்மன் தரநிலைகளை வைத்துப் போடுவார்கள், வகுப்பும் அநேகமாக ஜெர்மனில் இருக்கும். ஹீட் அண்ட் மாஸ் டிரான்ஸ்ஃபருக்கு அங்கே வெப்பப் பரிமாற்றம் மட்டும் இருக்கிற மாட்யூலைக் கொண்டுவந்தால், மாஸ் டிரான்ஸ்ஃபர் யூனிட் எங்கே என்று கேட்பார்கள், கேட்பதும் நியாயம். எதிர்பக்கம் பாருங்கள்: புரொஃபஷனல் எலெக்டிவ், ஓப்பன் எலெக்டிவ் என்று உங்கள் பாடத்திட்டத்தில் எத்தனை இடம் காலியாக இருக்கிறது? அந்த இடங்களுக்கு அச்சுப்பிசகாத சிலபஸ் தேவையில்லை, துறைக்குப் பொருத்தமான, அதே தரத்தில் இருக்கிற பாடமாக இருந்தால் போதும். ரோபாட்டிக்ஸ், ஆட்டோமோட்டிவ், புதுப்பிக்கத்தக்க ஆற்றல், ஃபைனைட் எலிமென்ட் என்று அங்கே அவர்கள் உண்மையிலேயே நன்றாக நடத்துகிற பாடங்களை எடுத்து இந்த இடங்களில் போடுங்கள். ஆறாவது, ஏழாவது செமஸ்டர் எலெக்டிவை இப்போதே அங்கே முடித்துவிட்டு, ஐந்தாவதின் கோர் பேப்பரை அந்தச் செமஸ்டரில் இங்கே எழுதலாமா என்று கேளுங்கள். லேர்னிங் அக்ரிமென்டில் ஒன்றுக்கு ஒன்று பொருத்தம் இருந்தே ஆக வேண்டும் என்று கட்டாயமில்லை, இந்தத் தொகுதிக்கு அந்தத் தொகுதி ஈடு என்று எழுதலாம், ஐரோப்பியப் பக்கம் இது சாதாரணம். அங்கே நடத்துகிற ஜெர்மன் மொழி வகுப்புக்கும் கிரெடிட் உண்டு, அதை ஓப்பன் எலெக்டிவாக ஏற்பார்களா என்று கேட்டு வையுங்கள். எப்படியும் அந்த வகுப்புக்குப் போகத்தான் போகிறீர்கள்.

பட்டியலில் ஐந்து பாடம் வேண்டுமென்றால் எட்டுக்கு ஒப்புதல் வாங்கிக்கொண்டு போங்கள். அங்கே போய்ச் சேர்ந்ததும் ஒரு பாடம் இந்த முறை நடக்காது, இன்னொன்றில் இடம் இல்லை, இரண்டு வகுப்பு ஒரே நேரத்தில் மோதுகிறது என்று கட்டாயம் வரும். செமஸ்டர் தொடங்கி முதல் ஐந்து வாரத்துக்குள் மாற்றங்களை எழுதி மறுபடி மூன்று கையெழுத்தும் வாங்க வேண்டும் என்பது இ.சி.டி.எஸ். வழிகாட்டியின் நடைமுறை. அக்டோபர், நவம்பரில் இங்கே எல்லோரும் தேர்வு வேலையில் இருப்பார்கள், உங்கள் மெயிலுக்குப் பதில் வர நாளாகும். முன்கூட்டியே ஒப்புதல் வாங்கிய உதிரிப் பாடங்கள் கையில் இருந்தால் அந்தத் தவிப்பு இல்லை.

இனிமேல் சொல்லப்போவதை உங்கள் கல்லூரியில் யாராவது உங்களிடம் சொன்னார்களா தெரியவில்லை, நாள்காட்டி. ஜெர்மனியில் குளிர்கால செமஸ்டர் பொதுவாக அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை. பல்கலைக்கழகங்களில் வகுப்பு அக்டோபர் நடுவில் ஆரம்பித்து பிப்ரவரி நடுவில் முடியும், தேர்வு அதற்கப்புறம், சில இடங்களில் மார்ச் வரை இழுக்கும். இங்கே உங்கள் ஐந்தாவது செமஸ்டர் ஜூலையில் ஆரம்பித்து நவம்பரில் தேர்வோடு முடியும், ஆறாவது ஜனவரியை ஒட்டி ஆரம்பித்துவிடும். ஆக ஜூலை முதல் செப்டம்பர் வரை உங்களுக்கு எந்தப் பக்கமும் சேராத மூன்று மாதம், அப்புறம் ஆறாவது செமஸ்டரில் முதல் இரண்டு மாதம் நீங்கள் இங்கே இல்லை. 75 சதவீத அட்டெண்டன்ஸ் எங்கிருந்து வரும்?

இதற்கு வழி இருக்கிறது, ஆனால் எழுத்தில் இருக்க வேண்டும். அங்கே கடைசித் தேர்வு முடிந்து திரும்பும் நாள் வரை ஓ.டி. (ஆன் டியூட்டி, வராத நாளையும் வந்ததாகக் கணக்கிடுவது) தருகிறோம், தவறிய இன்டர்னல் டெஸ்டுக்கு மறுதேர்வு வைக்கிறோம் என்று முதல்வர் கையெழுத்தோடு ஒரு கடிதம். ஜூலை முதல் செப்டம்பர் வரை சும்மா இருக்காமல் அந்தக் கோர் பேப்பருக்கு இங்கே வகுப்புக்குப் போங்கள். அதன் தேர்வு நவம்பரில் வரும், அப்போது நீங்கள் அங்கே இருப்பீர்கள், அதனால் கிளம்பும்முன் தனித்தேர்வு வைக்க முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்றால் ஏப்ரல்-மே தேர்வோடு எழுதலாம், ஆனால் அதை அரியராகக் கணக்கில் எடுக்கக்கூடாது என்று அதே கடிதத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். அப்புறம், நீங்கள் போகிற இடம் யூனிவர்சிட்டியா, ஹோக்ஷூலே என்று சொல்கிற செயல்முறைப் பல்கலைக்கழகமா என்று பாருங்கள். பல ஹோக்ஷூலேக்களில் வகுப்பு செப்டம்பர் கடைசியிலோ அக்டோபர் தொடக்கத்திலோ ஆரம்பித்து, தேர்வும் பிப்ரவரி நடுவுக்குள் முடிந்துவிடும், பரிமாற்ற மாணவர்களுக்கென்றே ஆங்கிலத்தில் முழு செமஸ்டர் தொகுப்பு வைத்திருக்கிற இடங்களும் உண்டு. மெக்கானிக்கல் மாணவருக்கு என் பரிந்துரை அதுதான், பெயரில் யூனிவர்சிட்டி இல்லையே என்று பார்க்க வேண்டாம்.

ஆறாவது செமஸ்டரில் போனால் என்ன என்று தோன்றலாம். கோடை செமஸ்டர் வகுப்பு ஏப்ரல் முதல் ஜூலை வரை, தேர்வு ஜூலைக் கடைசி, ஆகஸ்ட் வரை போகும். அந்த நேரத்தில்தான் உங்கள் ஏழாவது செமஸ்டர் தொடங்கி கம்பெனிகள் வரிசையாக வந்துகொண்டிருக்கும். கேம்பஸ் வேலை தேவை என்றால் அது வேண்டாம், ஐந்தாவதே சரி. அமெரிக்காவோ சிங்கப்பூரோ என்றால் இந்த நாள்காட்டிப் பிரச்சினை அநேகமாக இல்லை, ஆகஸ்டில் தொடங்கி டிசம்பரில் முடிந்துவிடும், ஆனால் உங்களுக்குக் கிடைத்திருப்பது ஜெர்மனி.

கிரேடு விஷயம். அங்கே 1.0 தான் உச்சம், 4.0 வரை பாஸ், 5.0 என்றால் ஃபெயில். நம் மதிப்பெண்ணை அவர்கள் தங்கள் அளவுக்கு மாற்ற மாடிஃபைட் பவேரியன் ஃபார்முலா என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். அதைத் திருப்பிப் போட்டால், இங்கே 10 உச்சம், 5 பாஸ் என்று எடுத்துக்கொண்டால், 2.5 வாங்கினால் 7.5, 3.0 வாங்கினால் 6.67 என்று வரும். இது கணக்குப்படி சரி, ஆனால் முழு நியாயம் இல்லை, ஏனென்றால் அங்கே பொறியியல் பாடங்களில் மதிப்பெண் கறாராகப் போடுவார்கள், இங்கே 9 வாங்கிப் பழகிய பிள்ளை அங்கே 2.3 வாங்குவது சாதாரணம். இதற்காகத்தான் இ.சி.டி.எஸ்.ஸில் கிரேடு பரவல் அட்டவணை என்று ஒன்று தருகிறார்கள், அந்தப் படிப்பில் எத்தனை சதவீதம் பேர் எந்த கிரேடு வாங்கினார்கள் என்று காட்டும். டிரான்ஸ்கிரிப்ட்டோடு அதையும் சேர்த்துத் தரச் சொல்லுங்கள். இன்னொரு வழி, கிரெடிட் மட்டும் ஏறும், கிரேடு சி.ஜி.பி.ஏ.வில் சேராது என்பது. உங்கள் கல்லூரி இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க விட்டால் நான் இரண்டாவதை எடுக்கச் சொல்வேன். தைரியமாகக் கஷ்டமான பாடம் எடுக்கலாம், சி.ஜி.பி.ஏ. அப்படியே நிற்கும். எதுவானாலும் எந்தச் சூத்திரம் என்பது போகும்முன் எழுத்தில் இருக்கட்டும், மார்க் வந்த பிறகு சூத்திரம் தேடக்கூடாது.

ஃபெயில் ஆனால்? யாரும் கேட்க விரும்பாத கேள்வி, ஆனால் நடக்கிறது. அங்கே மறுதேர்வு பெரும்பாலும் பல வாரம் கழித்தோ அடுத்த செமஸ்டரிலோ வரும், அப்போது நீங்கள் கோவையில் இருப்பீர்கள். அந்தப் பாடம் இங்கே அரியர் என்று மார்க் ஷீட்டில் ஏறுமா, ஏறினால் எந்தப் பேப்பரை எழுதி அதை முடிப்பது, இங்கே இல்லாத பாடத்துக்கு யார் கேள்வித்தாள் எடுப்பார்கள்? ஸ்டாண்டிங் அரியர் (இன்னும் முடிக்காதது) இருந்தால் பல கம்பெனிகளில் உள்ளேயே விட மாட்டார்கள், ஹிஸ்டரி ஆஃப் அரியர்ஸ் (முன்பு அரியர் இருந்ததா என்று) கேட்கிற கம்பெனிகளும் உண்டு. அதனால் சமநிலைப் பட்டியலிலேயே ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: அங்கே தேறாத பாடம் எடுக்காத பாடமாகவே கருதப்படும், அதற்கு ஈடாக இங்கே ஒரு எலெக்டிவ் எடுத்துக் கிரெடிட்டை நிரப்பலாம் என்று. பாதுகாப்புக்குத் தேவைக்கு மேல் ஒரு பாடம் கூடுதலாக எடுங்கள், அது மொழி வகுப்பாகவே இருக்கட்டும்.

அங்கே போனதும் மறக்கக்கூடாதது ஒன்று. வகுப்பில் சேர்ந்தால் தேர்வுக்கும் சேர்ந்ததாக ஆகாது. தேர்வுக்குத் தனியாக இணையத்தில் பதிவு செய்ய வேண்டும், அதற்குக் கடைசித் தேதி உண்டு, தவறினால் செமஸ்டர் முழுக்க வகுப்பில் உட்கார்ந்திருந்தாலும் தேர்வு எழுத விட மாட்டார்கள். இங்கே கல்லூரியே ஹால் டிக்கெட் கையில் கொடுத்துப் பழகிய நம் பிள்ளைகளுக்கு இது புதிது. முதல் வாரமே ஒவ்வொரு பாடத்துக்கும் அந்தத் தேதியைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். தேர்வுக்கு இரண்டு வாய்ப்புத் தேதி இருந்தால் முந்தைய தேதியை எடுங்கள், மேலே சொன்ன அட்டெண்டன்ஸ் காரணத்துக்காக.

அங்கேயே தொடர்வது பற்றி. ஒரு செமஸ்டர் பரிமாற்றம் அப்படியே சேர்க்கையாக மாறாது, புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். அப்போது நிலைமை தலைகீழ்: நீங்கள் இங்கே படித்ததை ஏற்பதா என்று முடிவு செய்வது அவர்களுடைய தேர்வுக் குழு. அமெரிக்காவுக்கு இரண்டு வருடம் கழித்து மாறுகிறவர்களுக்கும் இதேதான். அங்கே பட்டத்துக்குப் பொதுவாக 120 செமஸ்டர் கிரெடிட், அதில் கடைசி 30-ஐ ஒட்டிய அளவாவது அவர்களிடமே படிக்க வேண்டும் என்று பல இடங்களில் விதி உண்டு. சி கிரேடுக்குக் கீழே உள்ளதைப் பெரும்பாலும் ஏற்க மாட்டார்கள், பாடவாரியான மதிப்பீட்டு அறிக்கையும் கேட்பார்கள். பட்டம் பாதியில் இருக்கும்போது மாறுவதைவிட, இதை முடித்துவிட்டு மாஸ்டர்ஸுக்கு ஜெர்மனி போவது உங்களுக்கு எளிது, செலவும் குறைவு, இந்த ஒரு செமஸ்டர் அதற்குப் பெரிய பலம். ஜெர்மன் மாஸ்டர்ஸ் சேர்க்கையில் கணிதத்தில் எத்தனை கிரெடிட், மெக்கானிக்ஸில் எத்தனை கிரெடிட் என்று எண்ணிப் பார்ப்பார்கள், அவர்கள் அளவிலேயே உங்களிடம் 30 இருக்கும்.

அதற்காகவே மூலக் காகிதங்களைப் பத்திரப்படுத்துங்கள். கல்லூரி இங்கே மார்க் ஷீட்டில் ஏற்றிவிட்டது, இனி இது எதற்கு என்று நினைக்க வேண்டாம். பிற்பாடு வெளிநாட்டில் எங்கே விண்ணப்பித்தாலும் படித்த ஒவ்வொரு இடத்தின் டிரான்ஸ்கிரிப்ட்டையும் தனித்தனியாகக் கேட்பார்கள். அங்கே எடுத்த பாடங்களின் மாட்யூல் விவரத்தையும் அந்த வருடத்துப் பதிப்பாகத் தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் மாற்றிவிடுவார்கள். இங்கே ஒருங்கிணைந்த மார்க் ஷீட்டில் அந்தப் பாடங்கள் அவற்றின் சொந்தப் பெயரிலேயே, எங்கே படித்தது என்ற குறிப்போடு வர வேண்டும் என்று சி.ஓ.இ. அலுவலகத்தில் கேளுங்கள்.

டிரான்ஸ்கிரிப்ட் வர ஏப்ரல், மே ஆகிவிடும், அதற்குள் இங்கே ஐந்தாவது செமஸ்டர் ரிசல்ட் வந்து உங்கள் பெயருக்கு நேராக எல்லாப் பேப்பரிலும் 'ஆப்சென்ட்' என்று விழுந்திருக்கும் அபாயம் உண்டு. கிளம்பும்முன்னே சி.ஓ.இ. அலுவலகத்தில் நேரில் போய், ஐந்தாவது செமஸ்டர் தேர்வுப் பதிவில் உங்கள் பெயர் பரிமாற்ற மாணவர் என்று தனியாகக் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இந்த வாரம் செய்ய வேண்டியது: எம்.ஓ.யு. பிரதி வாங்குவது, மாடூல்ஹாண்ட்பூக்கில் எட்டுப் பாடம் குறிப்பது, துறைத்தலைவரிடம் அரை மணி நேரம் கேட்பது. பட்டியல் தயாரானதும் பாடப் பெயர்களையும் கிரெடிட்டையும் இங்கே போடுங்கள், உங்கள் பாடத்திட்டத்தையும் சேர்த்து. எது நிற்கும், எதை மாற்ற வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன்.